செயலாளரின் ஆண்டறிக்கை: நந்தி மலையடிவாரத் திராட்சையும் நாமும்

தலைவர் ஐயா அவர்களுக்கும் பொருளாளருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த ஆண்டு பதினொரு மாதக் கூட்டங்கள் நடந்தன. ஆடிப்பெருக்கன்று வைத்த கூட்டத்துக்கு யாரும் வரவில்லை, நானும்தான். புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை வாசிக்கப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும். கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

ஆண்டுக்கு ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றையும் மண்ணையும் படிப்பது நம் சங்கத்தின் வழக்கம். இந்த ஆண்டு பெங்களூருக்கு வடக்கே உள்ள நந்தி மலையடிவாரம், அதிலும் அங்கே விளையும் திராட்சையும் ஒயினும் என்று நான் சொன்னபோது சிரிப்பு எழுந்தது. நம் பக்கத்தில் ஒயின் ஷாப் என்று சொல்லும் கடையில் ஒயினைக் கேட்பவரைப் பார்த்ததே கிடையாது. 'ஒயினைப் பற்றிப் படிக்கப் போகிறோம்' என்று வீட்டில் சொன்னால் ராத்திரிச் சோறு கிடைக்காது என்றார் ஒருவர்.

மூத்த உறுப்பினர் ஒருவர் சிரிக்கவில்லை. "ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி நம் கிருஷ்ணகிரி மாவட்டம். 1937 அக்டோபர் 1 அன்று அவர் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அப்போது நாமும் சேலம் மாவட்டம்தான். அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு இதையா பேசுவது?" என்று கேட்டார். மதுவிலக்கால் இழந்த வருமானத்தை ஈடுகட்டத்தான் 1939-இல் விற்பனை வரி வந்தது என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார். நியாயமான ஆட்சேபணை. அதற்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா அதியமான் ஆண்ட தகடூரிலிருந்து, அதாவது இன்றைய தர்மபுரியிலிருந்து, பதில் கொண்டுவந்தார். கொஞ்சம் கள் கிடைத்தால் ஔவைக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் ஔவை பாடப் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான் என்று அதியமான் இறந்தபின் ஔவை அழுது பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. யவனர் கப்பலில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறல் என்ற மதுவும் அதே நூலில் வருகிறது. ஆக ராஜாஜியும் நம்மவர், அதியமானும் நம்மவர். கடைசியில் 'படிப்பது, பார்ப்பது, குடிப்பதில்லை' என்று தீர்மானம் போட்டோம். ஒருமனதாக நிறைவேறியது என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். சில முகங்கள் அப்படிச் சொல்லவில்லை.

சரி, ஏன் நந்தி மலை? காவேரிப்பட்டணத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்த மலை அந்நியம் இல்லை. நம் ஊரை ஒட்டி ஓடும் தென்பெண்ணை அந்த மலைப் பக்கத்தில்தான் பிறக்கிறது. வடபெண்ணை, பாலாறு, ஆர்க்காவதி எல்லாம் அந்த வட்டாரத்து மலைகளில் பிறந்தவையே. தென்பெண்ணை ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, 1957-இல் திறந்த நம் கிருஷ்ணகிரி அணைக்கு வந்து, அப்புறம் சாத்தனூர் வழியாகக் கடலூர் போகிறது. கெலவரப்பள்ளியில் மதகு திறக்கும்போது நுரை பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு, மேலே என்ன நடக்கிறது என்ற கேள்வி தானாகவே வரும். நுரையிலிருந்து தொடங்கிய கேள்வி திராட்சைக்குப் போய்ச் சேர்ந்தது.

பாறையும் ஒரே குடும்பம்தான். அங்கும் இங்கும் அடியில் இருப்பது பழமையான கிரானைட்டும் நைஸ் என்னும் வரிப்பாறையும். அது உடைந்து ஆன செம்மண், சரளை. தண்ணீர் தேங்காது, ஊட்டமும் அதிகம் இல்லை. நெல்லுக்கு அது குறை, திராட்சைக் கொடிக்கு அது வசதி. ஒயினுக்குப் பேர்போன நாசிக்கில் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை மண், அது வேறு கதை. நமக்கும் நந்திக்கும் பெரிய வேறுபாடு உயரம். கிருஷ்ணகிரி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீட்டர், நந்தி அடிவாரத் தோட்டங்கள் சுமார் 900 மீட்டர், மலையுச்சி 1,478 மீட்டர். பகலில் வெயில், இரவில் குளிர். அந்த இரவுக் குளிரில்தான் பழத்தின் புளிப்பு தங்குகிறது.

உலகத்தில் ஒயின் திராட்சை விளையும் வட்டாரங்கள் பெரும்பாலும் 30 முதல் 50 பாகை அட்சரேகைக்குள் இருக்கின்றன. நந்தி இருப்பது 13 பாகையில். ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்துத் தூங்கும். இங்கே கொடி தூங்குவதே இல்லை. தூங்காத கொடியைத் தூங்கி எழுந்ததாக நம்பவைப்பது கிளைகளை வெட்டிவிடும் கவாத்துக் கத்தரி. ஏப்ரலில் ஒரு கவாத்து. அதில் வரும் குச்சிகளில் வெயிலின் தயவால் உள்ளுக்குள்ளேயே பூமொட்டு உருவாகும். அக்டோபர் வாக்கில் இரண்டாவது கவாத்து, காய்ப்புக்கானது. பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. மாமரத்துக்குக் கல்டார் என்ற மருந்தை ஊற்றிப் பூக்கவைக்கும் நமக்கு இந்த ஏமாற்று வேலை விளங்காமல் போகாது. நம் பக்கம் அக்டோபர், நவம்பரில் மழை பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் துளிர்க்கும் இளங்கொடியை அடிச்சாம்பல் நோய் சும்மா விடாது.

வரலாற்றுக்கு வருகிறேன். நந்தி மலைக்கோட்டை திப்புவின் கோட்டை. 1791-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு உடன்படிக்கையில் நம் பாராமகால், அதாவது இந்தக் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதி, திப்புவின் கையை விட்டுப் போனது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளக்க வந்த கதையைப் போன ஆண்டே பேசிவிட்டோம். மலைக்கு மேலே ஆங்கிலேயர்கள் கோடைக்கு வந்து தங்கினார்கள். கீழே பெங்களூரைச் சுற்றி நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரு கறுப்புத் திராட்சை பரவியது. பெயர் பெங்களூர் புளூ.

இந்தப் பெயரில்தான் எனக்குச் சிரிப்பும் வருத்தமும். பெங்களூர் புளூ பெங்களூரில் பிறந்ததில்லை. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வழிவந்த இசபெல்லா ரகம் அது. 1860-களில் பிரான்சின் தோட்டங்களை வேரில் அரித்து அழித்த ஃபிலாக்சிரா பூச்சியை எதிர்த்து நின்றவை அமெரிக்க வேர்களே. பிரெஞ்சுக் கொடியை அந்த வேரில் ஒட்டுக்கட்டித்தான் தப்பித்தார்கள். அப்படியும், 1930-களில் பிரான்ஸ் இசபெல்லா உள்ளிட்ட சில ரகங்களை ஒயினுக்கு ஆகாது என்று தடை செய்தது. அங்கே விரட்டப்பட்ட இசபெல்லாவுக்கு நம் மேட்டுநிலத்தில் 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே நேரத்தில், நம் கிருஷ்ணகிரித் தோப்புகளில் டன் கணக்கில் காய்க்கும் கிளிமூக்கு மாங்காயை நாம் என்னவென்று அழைக்கிறோம்? பெங்களூரா. நம் காய்க்கு அவர்கள் ஊர்ப் பெயர், அவர்கள் பழத்துக்கு அமெரிக்கப் பூர்வீகம்.

ஒயின் வந்தது பிற்பாடு. கன்வல் குரோவர் என்ற தொழிலதிபர் 1988-இல் தொட்டபள்ளாபூர் பக்கம், நந்தி அடிவாரத்தில், பிரெஞ்சு ரகங்களை வைத்து நிறுவனம் தொடங்கினார். பிறகு போர்தோவைச் சேர்ந்த மிஷேல் ரோலான் ஆலோசகராக வந்தார். 2007-இல் கர்நாடக அரசு திராட்சை பதப்படுத்தலுக்கும் ஒயினுக்கும் தனிக் கொள்கை கொண்டுவந்தது. என் அபிப்பிராயத்தில் மண்ணுக்கும் குளிருக்கும் சமமாக இந்தக் கொள்கைக்கும் அந்த வட்டாரத்தின் பெயரில் பங்கு உண்டு.

மாசி மாதம் பதினேழு பேர் வேனில் போனோம். மா பூத்து நிற்கும் நேரம். தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்க வேண்டும் என்று நான்கு பேர் கடைசி நிமிடத்தில் நின்றுவிட்டார்கள். பெங்களூரு நெரிசலில் மாட்டி, முன்பதிவு செய்திருந்த ஒரு சிறிய ஒயின் ஆலைக்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போனோம். காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. கட்டிய பணமும் திரும்பவில்லை. நேரத்துக்குக் கிளம்பாதது நம் தவறு, அதில் என் பங்கு அதிகம். பொருளாளர் அந்தத் தொகையைப் படிக்கும்போது என்னைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதனால் நல்லதே நடந்தது. டீக்கடையில் நாம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு ஒரு விவசாயி, "ஏ ஊரன்னா மீதி?" (எந்த ஊர் அண்ணா உங்களுக்கு?) என்று விசாரித்து, தன் தோட்டத்துக்கே கூட்டிப்போனார். இரண்டு ஏக்கர் பெங்களூர் புளூ. ஆள் உயரக் கல்தூண்கள், மேலே கம்பி வலை, அதன்மேல் கொடிப் பந்தல். உள்ளே குனிந்து போனால் வெயில் காசு காசாகத் தரையில் விழுகிறது. பழத்தின் மேல் விபூதி பூசியது போல ஒரு படலம். விரலால் அழுத்தினால் தோல் தனியாகக் கழன்று, வழவழப்பான சதை வாய்க்குள் நழுவுகிறது. முதலில் இனிப்பு, விதையைக் கடித்தால் துவர்ப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு புளிப்பு. மூன்று நாள் ஆகியும் என் கட்டைவிரல் நகத்தில் ஊதா போகவில்லை. தமிழாசிரியர் ஐயா ஒரு குலையை முழுதாக முடித்துவிட்டு, தீர்மானத்தை மீறவில்லை, நொதிக்கவில்லையே என்றார்.

ஒயினுக்குப் போகும் பிரெஞ்சு ரகங்களைப் பந்தலில் விடாமல் வேலி போலக் கம்பியில் நிமிர்த்திக் கட்டுவார்களாம். காய் சிறிதாக, தோல் தடித்து, விளைச்சல் குறைவாக இருந்தால்தான் ஒயினுக்கு மதிப்பு என்று அந்த விவசாயி சொன்னபோது நம் ஆட்கள் நம்பவில்லை. குறைவாகக் காய்த்தால் லாபம் என்ற கணக்கு நமக்குப் புதிது. சர்க்கரையை அளக்கும் பிரிக்ஸ் மட்டும் எல்லாருக்கும் தெரிந்த சொல். ஒயினுக்கு 22-க்கு மேல் பார்க்கிறார்கள், நம் பெங்களூராக் கூழுக்கு 14. போன பருவத்தில் ஒரு கூழ் ஆலை வாசலில் டிராக்டரோடு இரண்டு நாள் நின்று, மூன்றாம் நாள் 'பிரிக்ஸ் போதவில்லை' என்று விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டு திரும்பியவன் நான். அந்தக் கூழ் டிரம்மில் அடைத்துக் கடல் கடந்து போகும்போது கிருஷ்ணகிரி என்ற பெயர் அதில் இருக்காது. பாட்டிலில் நந்தியின் பெயர் இருக்கிறது. இந்த ஆண்டு முழுக்கப் படித்ததில் எனக்கு உறைத்தது இது ஒன்றுதான்.

அவர்களுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. அந்தத் தோட்டத்து ஆழ்துளைக் கிணறு ஆயிரத்து இருநூறு அடி. நான்கு ஆறுகள் பிறக்கும் வட்டாரத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. பெங்களூருவின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு விடுவது 2018-இல் தொடங்கியது, சிக்கபள்ளாபூர் பக்கமும் அதே ஏற்பாடு. ஃப்ளூரைடு தண்ணீரால் பல் காவியேறிய பிள்ளைகள் அங்கும் உண்டு. ஒகேனக்கல் தண்ணீர் வரும்வரை தர்மபுரிப் பக்கம் நாம் பார்த்த அதே பற்கள்.

கிளம்பும்போது அந்த விவசாயி கவாத்தில் வெட்டிய இரண்டு குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார். வாசகசாலைக்குப் பின்னால், குழாயடிக்கு அருகே நட்டோம். ஒன்று காய்ந்துவிட்டது. இன்னொன்றில் சித்திரையில் துளிர் வந்து இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறது. செவ்வாய், வெள்ளியில் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்கு எதிரே இன்னும் பெயர் இல்லை. பந்தலுக்கு நான்கு கல்தூண் தருவதாக ஒரு உறுப்பினர் வைகாசிக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். அவர் இன்று வந்திருக்கிறார் என்பதால் மட்டும் இதைப் படிக்கிறேன்.