மாமா, அந்த ஒலிப்பதிவைத் தரமாட்டேன்

மாமாவுக்கு,

போன வருஷம் வேலூர்க் கோட்டை ஓரம் பேய் தேடப் போய் எடுத்த ஒலிப்பதிவை அனுப்பப் போவதில்லை. சிப்பாய்க் கலக நாளான ஜூலை 10 நெருங்குகிறது, வீடியோ தயார், சத்தம் மட்டும்தான் பாக்கி என்று ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். போனில் பேசினால் பேச்சு வேறெங்கோ போய் நிற்கும். அதனால் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் வீடியோவில் என்னை 'நம்ம சவுண்ட் இன்ஜினியர்' என்று காட்டிவிட்டு, கல்யாண வீட்டில் 'மைக்செட்காரன்தானே, சொன்னா செய்வான்' என்று நீங்கள் சொன்னதும் நாலு பேர் நடுவில்தான்.

சரி, அதை விடுங்கள்.

பேய் தேடப் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ராத்திரியில் உங்கள் வண்டியில் போவதும், திரும்பும்போது ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கினால் பெரிய துண்டை எனக்குப் பிட்டுக் கொடுப்பதும் எனக்குப் பிடித்திருந்தது. அக்கா திட்டும்போது நீங்கள் என்மேல் பழி போட்டதைக்கூட நான் மனதில் வைக்கவில்லை. ஆனால் வேலை தெரிந்தவன் என்கிற முறையில் நான் சொன்ன எதையும் நீங்கள் காதில் போட்டுக்கொண்டதில்லை. வந்தவாசிக் கோட்டையில் கேமராவில் மிதந்த வெள்ளை உருண்டைகள், லென்ஸுக்குப் பக்கத்தில் பறந்த பூச்சியும் தூசியும். இன்ஃப்ராரெட் விளக்கு பட்டால் அவை அப்படித்தான் தெரியும். 1760 ஜனவரி 22 அன்று லாலியின் பிரெஞ்சுப் படை அங்கே இங்கிலீஷ் தளபதி அயர் கூட்டிடம் தோற்றது உண்மை. அந்த உருண்டைகள் பிரெஞ்சுக்காரர்கள் என்றீர்களே, அதற்குத்தான் சிரித்தேன். ஆற்காடு டெல்லி கேட்டில் மீட்டர் சிவப்புக்குத் தாவியதும் கிளைவ் என்று கத்தினீர்கள். அது மின்காந்த அலையைக் காட்டும் கருவி, பக்கத்தில் செல்போன் சிக்னல் தேடினாலே துள்ளும். உங்கள் சட்டைப்பையில் இரண்டு போன் இருந்தன.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வேலூர்க் கோட்டை அகழி ஓரம் நின்று, 1806 கலகத்தில் செத்த சிப்பாய்களிடம் இங்கிலீஷில் 'யாராவது இருக்கிறீர்களா' என்று கேட்டவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். இங்கிலீஷ் உத்தரவு பிடிக்காமல்தானே அவர்கள் துப்பாக்கியையே தூக்கினார்கள்!

போன வருஷம் அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

கலகம் தொடங்கிய பின்னிரவு நேரமாகப் பார்த்துப் போனோம். கோட்டைக்குள் போக முடியாது, அகழிக் கம்பி ஓரம்தான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை மட்டும் திறந்திருந்தது. மைக் ஸ்டாண்டில் ரெக்கார்டரை மாட்டி, காற்று அடிக்காமல் இருக்க அதன் தலைக்கு ஸ்பாஞ்ச் உறை போட்டேன். பச்சைத் தண்ணீர் நாற்றம். நீங்கள் ஆரம்பிப்பதற்குள் பைக்கில் ரோந்து போலீஸ்காரர் வந்துவிட்டார். 'இந்நேரத்துல இங்க இன்னா வேலை?' என்றார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: 'எங்கப்பா இந்தக் கோட்டையில டிரில் மாஸ்டரா இருக்காரு.'

இருக்காரு என்றீர்கள். அவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. போலீஸ்காரர் டார்ச்சைத் தாழ்த்தினார். 'பேர் இன்னா?' என்று கேட்டார். சொன்னீர்கள். அவருக்குத் தெரிந்த பேராக இருக்க வாய்ப்பே இல்லை, உங்கள் அப்பா அங்கே இருந்த நாளில் அந்தப் போலீஸ்காரர் பள்ளிக்கூடமே போயிருக்கமாட்டார். ஆனாலும் 'ஓ, அவரா' என்றார். 'சீக்கிரம் கிளம்புங்க சார்' என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் பதிவில் இருக்கிறது, பைக் கிளம்புகிற சத்தம் உட்பட.

அப்புறம் நீங்கள் அகழிப் பக்கம் திரும்பி ஒன்று கேட்டீர்கள். இங்கிலீஷில் இல்லை. அது என்ன கேள்வி என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. பெரியவர், உங்கள் அப்பா, சொல்வதை மட்டும் சொல்கிறேன், அது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: உள்ளே போலீஸ் பயிற்சிப் பள்ளி இருந்த நாளில், ராத்திரி பாரா நிற்கும்போது மதில்மேல் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்கும் என்பார். நீங்கள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது நம்பினீர்கள், பெரியவனானதும் புளுகன் என்றீர்கள். 'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், அதிகாரம் இல்லாத போலீஸ்' என்று ஊரே நம் ஊரைக் கிண்டல் பண்ணும் அல்லவா? 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்ப உள்ளே வந்துவிட்டார், எனக்குத்தான் இன்னும் அதிகாரம் வரவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். கடைசி வருஷத்தில் ஆஸ்பத்திரிக்கு யார் போனார்கள், யார் போகவில்லை என்பதை எழுதமாட்டேன். நான் போனேன்.

உங்களுக்குக் கேட்ட பதில் 'நெசம்'. என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். 'நெசம்னு சொல்லுது, கேக்குதா மச்சான்?' என்றீர்கள். கேட்டது, மாமா. பொய் சொல்லவில்லை, எனக்கும் அப்படித்தான் கேட்டது. வார்த்தையை முன்னாலேயே சொல்லிவிட்டால் காது அதைத்தான் பிடித்துக்கொள்ளும். மறுநாள் கடையில் வேலை செய்கிற பையனிடம் ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். லாரி ஏர் பிரேக் என்றான். அந்த ரெக்கார்டரில் கெயின், அதாவது சத்தத்தைப் பெரிதாக்கும் அளவு, தானாக ஏறுகிற வசதி இருக்கிறது. சுற்றிலும் அமைதியானால் தூரத்துச் சத்தத்தை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைக்கும். பெங்களூர் ரோட்டில் எங்கோ ஒரு லாரி 'புஸ்ஸ்' என்று காற்றைவிட்டது, உங்களுக்கு வேண்டியது அதற்குள் கிடைத்தது. அதை நான் உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒரு வருஷம் நிம்மதியாகத் தூங்கினீர்கள் என்று அக்கா சொன்னாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இப்போது போலீஸ்காரரை வெட்டு, கேள்வியை வெட்டு, அந்தப் 'புஸ்ஸ்' மட்டும் பெரிதாக்கிக் கொடு, 'சிப்பாயின் பதில்' என்று போடலாம் என்கிறீர்கள்.

எந்தச் சிப்பாய், மாமா? 69ஆவது ரெஜிமென்டு வெள்ளைக்காரர்கள் படுக்கையிலேயே சுடப்பட்டார்கள். விடிந்தபோது மதில்மேல் திப்புவின் கொடி பறந்தது. அப்புறம் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி வந்து, கயிறு பிடித்து மதில் ஏறி, பீரங்கியால் கதவை உடைத்தான். அரண்மனைக்குள் ஒதுங்கிய சுமார் 100 சிப்பாய்களை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை நடத்திப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தவர்கள் 6 பேர். நெற்றியில் விபூதி, நாமம் கூடாது, தாடியை மழி, தோல் குஞ்சம் வைத்த தொப்பி மாதிரித் தலைப்பாகையைப் போடு என்றதற்குக் கோபப்பட்டவர்கள் அவர்கள். அவர்களில் யாருடைய தொண்டையில் அந்த லாரியை வைக்கச் சொல்கிறீர்கள்? உங்கள் அப்பாவைக் கேட்ட கேள்விக்கு வந்த பதிலை எடுத்து முன்பின் தெரியாத ஒருவன் வாயில் திணித்தால், அந்த மனுஷனை இரண்டாவது தடவை இல்லை என்று சொல்கிற மாதிரி இருக்கிறது எனக்கு. கடுமையாக எழுதிவிட்டேனோ? இருக்கட்டும்.

10ஆம் தேதி காலையில் மக்கானில் இருக்கிற சிப்பாய்க் கலக நினைவுத் தூணில் மாலை போடுவார்கள். வேண்டுமானால் வந்து அதைச் சுத்தமாகப் பதிவு செய்து தருகிறேன், காசு வேண்டாம். அந்த ராத்திரிப் பதிவு முழுசாக, வெட்டாமல், என் கடையில் இருக்கிறது. வந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள். பையனை வெளியே அனுப்பிவிடுகிறேன்.

வரும்போது உங்கள் டிக்கியில் கிடக்கிற என் மைக் ஸ்டாண்டு இரண்டையும் கொண்டுவாருங்கள். ஆடி பிறந்தால் கூழ் ஊற்றுகிற கோயில்களிலிருந்து ஆர்டர் வந்துவிடும், புதுசு வாங்க என்னிடம் இப்போது பணமில்லை.