இடிப்பதற்கு முன் சோதியுங்கள்: நகர வீட்டுவசதி அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

நகர வீட்டுவசதி அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில், ஒரே வரைபடத்தைக் கொண்டு விரைவாகக் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல நகரங்களில் இன்று ஒருசேர மூப்படைந்து நிற்கின்றன. அவற்றைப் பற்றிய கோப்புடன், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற பரிந்துரையும் பெரும்பாலும் சேர்ந்தே உங்கள் மேசைக்கு வருகிறது. அதில் கையொப்பமிடுவதற்கு முன், பழுதடைந்திருப்பது எது என்று தனித்தனியே கேட்குமாறு வேண்டவே இம்மடலை எழுதுகிறேன்.

கட்டடத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் மூப்பதில்லை. குழாய்களும் வயரிங்கும் லிஃப்டும் சில பத்தாண்டுகளில் ஓய்ந்துவிடும். தூண்களும் உத்தரங்களும், நீர்க்கசிவிலிருந்து காக்கப்பட்டால், அதைவிட நெடுங்காலம் நிற்கும். காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊடுருவி, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் அதன் காரத்தன்மையைக் குறைக்க, உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலிருக்கும் கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. அதைக் கண்டதும் கட்டடத்துக்கே முடிவுகட்டுவது அவசரம். பூசி வண்ணமடித்து மறைப்பது ஆபத்து. புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் எஞ்சியிருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், குன்றிய இடம் நிறம் மாறாது. இவ்வளவு எளிய சோதனையின் முடிவுகூட இல்லாத இடிப்புப் பரிந்துரையை நான் ஆய்வறிக்கையாக ஏற்கமாட்டேன்.

பிரான்சின் போர்தோ நகரில், 1960களில் எழுந்த மூன்று கட்டடங்களின் 530 வீடுகளை, லாக்கத்தோன், வசால் உள்ளிட்ட கட்டடக் கலைஞர்கள் இடிக்காமலே புதுப்பித்தனர். முகப்பை ஒட்டி முன்கூட்டியே வார்த்த பகுதிகளைப் பொருத்தி, வீடுகளுக்குக் கண்ணாடி அடைத்த கூடுதல் இடத்தையும் மாடத்தையும் சேர்த்தனர். பணி நடந்தபோதும் மக்கள் தங்கள் வீடுகளிலேயே குடியிருந்தனர். அப்பணி 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடக்கலை விருதைப் பெற்றது.

புதுப்பித்தல் என்றாலே நன்மை என்றும் கொள்ள வேண்டாம். 2016இல் புதுப்பித்து முடிக்கப்பட்ட லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில், வெளிச்சுவரில் புதிதாகப் பொருத்திய உறைத்தகடுகளின் வழியே அடுத்த ஆண்டே தீ பரவி 72 பேர் உயிரிழந்தனர். பாதுகாப்பு குறித்துக் குடியிருந்தோர் முன்பே எச்சரித்திருந்தனர் என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டு மேம்பாட்டுத் திட்டம், ஒரு கட்டடத்தில் தகுதியுள்ள குடிமக்கள் குடும்பங்களில் குறைந்தது 75 விழுக்காடு வாக்களித்து ஏற்றால்தான் அங்கே நடைமுறைக்கு வரும். அத்தகைய வாக்கெடுப்பை நீங்களும் நடத்துங்கள். அதற்கு முன்பே சோதனை முடிவுகளையும், செலவுக் கணக்கையும், பொருத்தவிருக்கும் பொருள்களின் தீத்தடுப்புத் தரத்தையும் எளிய மொழியில் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுங்கள். இடித்தே ஆக வேண்டிய கட்டடங்களும் உண்டு. அங்கே, இடைக்காலத் தங்குமிடம் எது, திரும்பி வரும் வீட்டின் பரப்பளவும் வாடகையும் எவ்வளவு என்பவற்றை, ஒரு குடும்பத்தையேனும் வெளியேறச் சொல்வதற்கு முன் எழுத்துமூலம் உறுதிசெய்யுங்கள்.

இப்படிக்கு,
அடுக்குமாடிக் குடியிருப்புவாசி ஒருவர்