புகார்: உங்க ஆப் எங்க தம்புராவ முழுங்கிடுச்சு

கஸ்டமர் சர்வீஸ்ல இருக்கறவங்களுக்கு வணக்கம்.

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். மாசம் 68 வெள்ளி (ரிங்கிட்) கட்டி ரெண்டு வருசமா உங்க வீடியோ மீட்டிங் ஆப்ப யூஸ் பண்றேன், வியாபாரத்துக்கு இல்ல, ஊமைப்படமும் கச்சேரியும் புடிச்ச முப்பது பேரு மாசத்துல ரெண்டு சனிக்கிழம ஒண்ணா உக்காந்து பாக்கறதுக்கு. இங்க ராத்திரி பத்து மணி, சென்னைக்காரங்களுக்கு ஏழர.

போன சனிக்கிழம 1929ல வந்த 'எ த்ரோ ஆஃப் டைஸ்' போட்டோம். ஃபிரான்ஸ் ஆஸ்டன்னு ஜெர்மன்காரரு டைரக்ட் பண்ணது, மகாபாரதத்து சூதாட்டத்த வெச்சு எடுத்த கதை, ஹிமான்ஷு ராய்தான் வில்லன். ஊமைப்படம்னா சும்மா பாக்கறது இல்லீங்க, அந்தக் காலத்து கொட்டகையிலயே ஆர்மோனியம் தபேலா வெச்சு வாசிச்சாங்க. எங்க குரூப்லயும் தைப்பிங்ல ஒரு ரிட்டையர்ட் டீச்சரம்மா படம் ஓட ஓட வயலின் வாசிப்பாங்க, பின்னால தம்புரா.

அன்னிக்கு தம்புரா ரெண்டு செகண்டு கேட்டுச்சு, அப்புறம் ஃபேன அமத்துன மாதிரி காணோம். வயலின்ல வில்ல நீட்டி இழுத்தா முதல் பாதி வருது, மிச்சம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. பகடைய உருட்டப் போறாங்க, எல்லாரும் மூச்சப் புடிச்சுட்டு உக்காந்திருக்கோம், அப்ப டீச்சரம்மா வீட்டுக்காரரு உள்ள இருந்து "கேட்ட பூட்டிட்டியா?"ன்னு கேட்டாரு பாருங்க, அது மட்டும் கணீர்னு விழுந்துச்சு!

போன மாச அப்டேட்ல இரைச்சல் நீக்கறத நீங்களே ஆன் பண்ணி வெச்சுட்டு, அத அமத்துற பட்டன பெரிய பிளானுக்கு மட்டும் மாத்திட்டீங்கன்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. அது மனுசப் பேச்ச விட்டுட்டு, ஒரே சீரா வர்ற சத்தத்த ஏர்கோன் (ஏசி) இரைச்சல்னு நெனச்சு வெட்டுது. மாறாம நின்னு சுருதி குடுக்கறதுதானே தம்புராவோட வேலையே!

டீச்சரம்மா பாவம், தன் வயலின்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு மறுநாளே புதுக்கம்பி வாங்கி மாட்டிட்டாங்க.

உங்களுக்கு மெயில் போட்டா, ஊமைப்படத்துல சத்தம் கிடையாது, அதனால எங்க பக்கம் கோளாறு இல்லன்னு பதில். சிரிக்கறதா அழுவறதான்னே தெரியல. ரெண்டாவது மெயிலுக்கு ஹெட்போன மாத்திப் பாருங்கன்னீங்க, மூணாவதுக்கு புகார மூடியாச்சு.

நான் தோட்டத்துல பொறந்து வளந்தவன். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீடுங்களுக்கு, முன்னால ரெண்டு கம்பு நட்டு வெள்ளத்துணி கட்டி படம் போடுவாங்க, மழை வந்து நின்னுருக்கு, ரீல் அறுந்து நின்னுருக்கு, அப்பல்லாம் மெஷின் ஓட்டுறவரு எந்திரிச்சு வந்து "கொஞ்சம் பொறுங்க"ன்னு ஒரு வார்த்த சொல்லுவாரு. அதுகூட உங்ககிட்ட இருந்து வரல.

அந்தப் பட்டன எங்க பிளானுக்கே திருப்பிக் குடுங்க, ரெண்டு மாசக் காசு 136 வெள்ளியும் வேணும். அடுத்த சனிக்கிழம பத்து மணிக்கு மறுபடி அதே படம் போடுறோம், அதுக்குள்ள பதில் வரலன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 5 வெள்ளி கட்டி புகார் ஃபாரம் போட்டுருவேன்.