செயலாளரின் ஆண்டறிக்கை 2025: ஆர்.இ.எம். ஆல்பங்களோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் இசை கேட்போர் வட்டத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஆண்டு முழுவதும் ஒரே குழு, அதன் ஆல்பங்களை வெளிவந்த வரிசையிலேயே, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். எந்தக் குழு என்பதில் அதிக விவாதம் எழவில்லை. அட்லாண்டாவில் குடியிருக்கும் நமக்கு, இதே ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் ஒன்றரை மணி நேர கார் தூரம். அந்தக் கல்லூரி ஊரிலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றிய ராக் குழு ஆர்.இ.எம். 1983 முதல் 2011 வரை 15 ஸ்டுடியோ ஆல்பங்கள். சில மாதங்களில் இரண்டிரண்டாகக் கேட்டு, டிசம்பருக்குள் பதினைந்தையும் முடித்துவிட்டோம்.

கூட்டங்கள்

வழக்கம்போல உறுப்பினர் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் கூடினோம். இடையில் ஒரு வாடகை அரங்கில் நடத்திப் பார்த்தோம். பக்கத்து அறையில் பிறந்தநாள் விழா நடந்ததால் இசைத்தட்டின் மெல்லிய இடங்கள் எதுவும் காதில் விழவில்லை. அதனால் பேஸ்மென்ட்டுக்கே திரும்பினோம். போன்கள் கூடையில், முதல் பக்கம் முடியும் வரை பேச்சு இல்லை, தட்டைத் திருப்பும்போது காபியும் சுண்டலும், இரண்டாம் பக்கம் முடிந்த பிறகு விவாதம் என்ற ஒழுங்கை எல்லோரும் கடைப்பிடித்தார்கள்.

முதல் ஆல்பமான 'மர்மர்' கேட்ட மாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குழுவின் பாடகர் மைக்கேல் ஸ்டைப் அதில் பாடும் சொற்கள் பாதிக்கு மேல் புலப்படாது. குரல் இசைக்கு மேலே ஏறி நிற்காமல் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவிலேயே புதைந்து கிடக்கும். 'பில்கிரிமேஜ்' முடிந்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர், நம் ஆங்கிலக் காது போதவில்லையோ என்று கேட்டார். ஜார்ஜியாவிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். "எங்களுக்கும் ஒண்ணும் புரியல அங்கிள்" என்றது ஒரு குரல். அன்றிலிருந்து இந்த ஆல்பத்தின் முன் எல்லோரும் சமம் என்றாகிவிட்டது. 1983இல் அமெரிக்க ரசிகர்களும் இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு வரியாக ஊகித்து, சண்டை போட்டு, மறுபடியும் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' கோலோச்சிய அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக ரோலிங் ஸ்டோன் விமர்சகர்கள் தேர்ந்தெடுத்தது இந்த 'மர்மர்' என்ற முணுமுணுப்பைத்தான்.

சொல் பிடிபடாவிட்டால் காது வேறு இடங்களுக்குப் போகிறது. பீட்டர் பக் கிதாரைக் கொத்தாக அடிப்பதில்லை. நரம்பு நரம்பாகப் பிரித்து மீட்டுகிறார். மைக் மில்ஸின் பேஸ் கிதார் தாளத்துக்குக் காவல் நிற்காமல் தனக்கென்று ஒரு மெட்டோடு நடக்கிறது. பின்பாட்டும் அவருடையதுதான், பல பாடல்களில் அது முதன்மைக் குரலைவிட நினைவில் தங்குகிறது. 'பெர்ஃபெக்ட் சர்க்கிள்' பாட்டில் டிரம்ஸ்காரரான பில் பெர்ரியும் மில்ஸும் இரண்டு பியானோக்களில் சேர்ந்து வாசிக்கிறார்கள். 'வீ வாக்' பாட்டில் தூரத்து இடிபோல உருளும் ஒலி, பில்லியர்ட்ஸ் பந்துகள் மோதும் சத்தத்தை டேப்பில் வேகம் குறைத்துப் போட்டது. இதைத் தலைவர் சொன்ன பிறகு அந்தப் பாட்டை மட்டும் மறுபடியும் ஓடவிட்டோம். ஒவ்வொரு உருளலுக்கும் பிள்ளைகள் கை தூக்கினார்கள். தயாரிப்பாளர்கள் மிட்ச் ஈஸ்டரும் டான் டிக்ஸனும். வட கரோலினாவின் ஷார்லட்டில் ஒரு ஸ்டுடியோவில் எளிமையாக எடுத்த பதிவு, இன்றைக்கும் பழசாகத் தெரியவில்லை.

அடுத்த ஆல்பம் 'ரெக்கனிங்' (1984). அதன் பதிவின்போது நடந்த ஒன்றை இங்கே குறிப்பிடுகிறேன். '7 சைனீஸ் பிரதர்ஸ்' பாட்டுக்கு ஸ்டைப்பின் குரல் எழவே இல்லை. அவரைக் கொஞ்சம் தளர்த்துவதற்காக ஒரு கிறிஸ்தவப் பக்திப் பாடல் இசைத்தட்டை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதன் பின்னட்டையில் அச்சாகியிருந்த வாசகங்களை, பாடியவர்களின் பெயர், பாராட்டுரை எல்லாவற்றையும் சேர்த்து, '7 சைனீஸ் பிரதர்ஸ்' மெட்டிலேயே முழுமூச்சாகப் பாடித் தீர்த்தார். பிறகு உண்மையான வரிகளும் குரலில் வந்துவிட்டன. அந்தப் பின்னட்டைப் பாட்டும் 'வாய்ஸ் ஆஃப் ஹாரல்ட்' என்ற பெயரில் பின்னாளில் வெளியாகியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். இசைத்தட்டு அட்டையைப் படித்தால்கூட உருக வைக்கும் குரல் அது என்று சொன்ன உறுப்பினரின் கருத்தை நான் அப்படியே வழிமொழிகிறேன்.

மூன்றாவது ஆல்பமான 'ஃபேபிள்ஸ் ஆஃப் தி ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' லண்டனில், ஜோ பாய்ட் தயாரிப்பில் பதிவானது. குளிரும் மழையுமாக அங்கே நால்வருக்கும் மனம் ஒட்டவில்லை. ஆனால் பாட்டெல்லாம் நாம் வாழும் இந்தத் தென்பகுதியைப் பற்றியவை. சரக்கு ரயில், கிழவர்கள், விசித்திர மனிதர்கள். 'லைஃப் அண்ட் ஹவ் டு லிவ் இட்' பாட்டின் பின்னணி பற்றி ஸ்டைப் மேடையில் சொல்லும் கதை இது: ஏதென்ஸில் ஒருவர் தன் வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்து, கொஞ்ச நாள் இந்தப் பாதியில், கொஞ்ச நாள் அந்தப் பாதியில் என்று வாழ்ந்தார். அவர் இறந்த பிறகு அலமாரியைத் திறந்தால் அவரே எழுதி அச்சிட்ட புத்தகம் கட்டுக்கட்டாகக் கிடந்தது. வெளியூரில் இருக்கும்போதுதான் சொந்த ஊரின் மனிதர்கள் இத்தனை துல்லியமாக நினைவுக்கு வருவார்கள். நம் கூட்டத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

'லைஃப்ஸ் ரிச் பேஜன்ட்' (1986) வந்ததும் குரல் மேலே வந்துவிட்டது. தயாரிப்பாளர் டான் கெமன் சொற்கள் தெளிவாக ஒலிக்க வேண்டும் என்று வற்புறுத்தியதன் விளைவு. தெளிவாகக் கேட்கவும் அவற்றில் விஷயம் இருந்தது. 'ஃபால் ஆன் மீ' அமில மழையில் தொடங்கிய பாட்டு. 'குயாஹோகா' ஓஹையோவில் கழிவு மண்டி 1969இல் தீப்பிடித்த ஆற்றின் பெயர். மில்ஸின் பேஸ் முதலில் தனியாக வர, ஆற்றைப் பற்றிய பாட்டு ஆரம்பிக்கிறது. நொய்யல் கரையில் வளர்ந்த உறுப்பினர் ஒருவர் அன்று அதிகம் பேசவில்லை. அந்தப் பாட்டை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார்.

'டாக்குமென்ட்', 'கிரீன்' இரண்டையும் ஒரே மாலையில் கேட்டோம். முதலாவதில் 'தி ஒன் ஐ லவ்', அவர்களின் முதல் பெரிய ஹிட். காதல் பாட்டென்று நினைத்துப் பலர் ஒருவருக்கொருவர் சமர்ப்பித்துக்கொண்டார்கள். கவனித்துக் கேட்டால் ஆளைப் பயன்படுத்திவிட்டுப் போகிறவனின் பாட்டு. 'கிரீன்' 1988 நவம்பர் 8, அமெரிக்கத் தேர்தல் நாளில் வெளியானது.

'அவுட் ஆஃப் டைம்' (1991) கூட்டத்துக்கு வருகை மிக அதிகம், காரணம் எல்லோருக்கும் தெரியும். பீட்டர் பக் மாண்டலின் பழகிக்கொண்டிருந்த காலத்தில், டிவி பார்த்தபடியே வாசித்துப் பதிவு செய்து வைத்த டேப்பில் இருந்து வந்ததுதான் 'லூசிங் மை ரிலிஜன்' மெட்டு. மாண்டலின் என்றாலே நமக்கு யு. ஸ்ரீநிவாஸ்தான் நினைவுக்கு வருவார். அந்தக் காதோடு கேட்டால் இது ஆரம்பப் பாடம். ஆனால் பாட்டின் தயக்கத்துக்கும் தவிப்புக்கும் அந்த எளிமையான வாசிப்புதான் பொருந்துகிறது. பல்லவி என்று எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லாத பாட்டு, அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. அதன் வீடியோவை இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்சேம் சிங். நம் சாமி படக் காலண்டர்களின் சாயல் அதில் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் இதுவே விடை.

'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்' (1992) தான் அவர்கள் உச்சம் என்பது பெரும்பான்மையோர் கருத்து. நானும் அந்தப் பக்கம்தான். சாவு, பிரிவு, முதுமை, நினைவு என்று ஆல்பம் முழுக்க விளக்கு குறைத்த அறை. லெட் செப்பெலின் ராக் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ் நான்கு பாடல்களுக்கு வயலின், செல்லோ அமைத்துக் கொடுத்திருக்கிறார். 'நைட்ஸ்விம்மிங்'கில் மில்ஸின் பியானோ, ஸ்டைப்பின் குரல், அடியில் அந்தத் தந்திகள், கடைசியில் ஓபோ என்ற குழல், அவ்வளவுதான். பியானோ ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வரும், குரல் அதன் மேல் எங்கே ஏறும் எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. முடிந்த பிறகு தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தும் ஊசியை எடுக்க யாரும் எழவில்லை. 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பெரும்பாலும் டிரம்ஸ்காரர் பெர்ரியின் ஆக்கம். அதில் தாளம் போடுவதோ டிரம் மெஷின்.

ஆனால் பெர்ரி இருந்த வரை எந்த ஆல்பத்தை எடுத்தாலும் பாடல்களின் கீழே பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று நால்வர் பெயரும் அகர வரிசையில்தான் இருக்கும். யார் எழுதினாலும் பெயரும் பங்கும் நால்வருக்கும் சமம். ஒருவர் வேண்டாம் என்றால் அந்தக் காரியம் நடக்காது. முப்பது ஆண்டுகள் கோர்ட்டுக்குப் போய் ஒருவரையொருவர் கிழிக்காமல் ஒரு ராக் குழு நீடித்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

'மான்ஸ்டர்' பற்றிக் கூட்டம் இரண்டுபட்டது. அதை விட்டுவிடலாம். அந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தில், 1995 மார்ச் 1ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மேடையில் பெர்ரிக்கு மூளை ரத்தக்குழாயில் வீக்கம் வெடித்து, அறுவை சிகிச்சை செய்து பிழைத்தார். 'நியூ அட்வென்சர்ஸ் இன் ஹை-ஃபை' (1996) ஆல்பத்தின் பெரும்பகுதி அதே பயணத்தில் மேடைச் சோதனைகளிலும் கச்சேரிகளிலும் பதிவு செய்ததுதான். இதைத்தான் இந்த ஆண்டின் கண்டெடுப்பு என்று சொல்வேன். 'லீவ்' பாட்டில் ஏழு நிமிடம் அபாயச் சங்குபோல ஓர் ஒலி விடாமல் ஓடுகிறது, அதன் மேலேயே ஒரு பாட்டு நடக்கிறது. பாடகி பாட்டி ஸ்மித் (Patti Smith) கூடப் பாடும் 'ஈ-போ தி லெட்டர்', கடைசியில் பியானோ துள்ளும் 'எலக்ட்ரோலைட்'. நால்வரும் சேர்ந்து செய்த கடைசி ஆல்பம் இது. 1997இல் பெர்ரி விலகி விவசாயத்துக்குப் போனார். தன்னால் குழு கலையும் என்றால் விலகமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மூவராகச் செய்த ஐந்து ஆல்பங்களில் 'அப்' (1998) நின்று கேட்க வேண்டியது. டிரம்ஸ்காரர் போன வெறுமை அதில் நேரடியாகவே ஒலிக்கிறது. 'அரவுண்ட் தி சன்' சோர்வு தருகிறது, அவர்களுக்கே அதில் திருப்தி இல்லை. 2008இன் 'ஆக்சிலரேட்' அரை மணி நேரத்துக்குச் சற்றே மேல், ஒரே மூச்சு. 2011இல் 'கொலாப்ஸ் இன்டு நவ்' வெளியிட்டு, அதே ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி குழுவைக் கலைப்பதாக அறிவித்தார்கள்.

ஏதென்ஸ் பயணம்

வசந்தத்தில் கிளம்பினால் நல்லது என்று சிலர் சொன்னார்கள். 'மர்மர்' அட்டையில் இருப்பது குட்சு கொடி, அது கோடையில்தான் தழைக்கும் என்பதால் பயணத்தை ஜூலைக்குத் தள்ளினோம். மண்ணரிப்பைத் தடுக்கும் என்று சொல்லி அரசே 1930களில் விவசாயிகளை நடவைத்த ஜப்பானியக் கொடி, இன்று மரம், கம்பம், கைவிட்ட வீடு எல்லாவற்றையும் போர்த்திக் கிடக்கிறது. நம் ஊர் சீமைக் கருவேலத்தின் கதையேதான். 1980 ஏப்ரல் 5ஆம் தேதி ஒரு பிறந்தநாள் விருந்தில் அவர்கள் முதன்முதலாக வாசித்த பழைய தேவாலயம் இடிக்கப்பட்டுவிட்டது. செங்கல் கோபுரம் மட்டும் அடுக்கு வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. 'மர்மர்' பின்னட்டையில் இருக்கும் ரயில் பாலம் இருந்த இடத்தில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை அமைத்திருக்கிறார்கள். பக் வேலை பார்த்த, ஸ்டைப்பை முதலில் சந்தித்த வக்ஸ்ட்ரி இசைத்தட்டுக் கடைக்குப் போய், வட்டத்தின் செலவில் 'ரெக்கனிங்' பழைய பிரதி ஒன்று வாங்கினோம். 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்' என்ற வாசகம் அதே ஊர் வீவர் டி சாப்பாட்டுக் கடையின் விளம்பர வாசகம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

பிப்ரவரி 27ஆம் தேதி ஏதென்ஸின் 40 வாட் கிளப்பில், நடிகர் மைக்கேல் ஷானனும் ஜேசன் நார்டூசியும் நடத்திய ஆர்.இ.எம். பாடல் கச்சேரியில் பழைய நால்வரும் மேடையேறி 'பிரெட்டி பெர்சுவேஷன்' வாசித்தார்கள். நம்மில் யாருக்கும் டிக்கெட் கிடைக்கவில்லை. அடுத்த கூட்டத்தை அந்த வீடியோவோடுதான் தொடங்கினோம்.

வரவு செலவு

பொருளாளர் தனியே வாசிப்பார். ஸ்பீக்கர் ஜோடியை நன்கொடையாகத் தந்த குடும்பத்துக்கும், மாதந்தோறும் பேஸ்மென்ட்டைத் திறந்துவிட்டு, நாம் போன பிறகு நாற்காலி மடக்கிய வீடுகளுக்கும் வட்டத்தின் நன்றி. டாலஸுக்குக் குடிபெயர்ந்த நம் முன்னாள் துணைத் தலைவர் தன்னிடமிருந்த, ஆர்.இ.எம்.மின் 'கிரானிக் டவுன்' இசைத்தட்டை வட்டத்துக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வரும் ஆண்டு

பிக்ஸீஸ், ரேடியோஹெட் என்று இரண்டு முன்மொழிவுகள் வந்துள்ளன. செயற்குழுவின் பரிந்துரை வேறு: முதல் பாதியில் ஏதென்ஸின் மற்ற குழுக்களைக் கேட்டு முடிப்போம். 1979இல் வந்த தி பி-52ஸ் முதல் ஆல்பம், 1980இல் வந்த பைலனின் 'ஜைரேட்' இரண்டும் ஆர்.இ.எம்.முக்கு வழி போட்டவை. இசைத்தட்டுகள் கைவசம் உள்ளன. அறிக்கையை ஏற்றுக்கொண்டு, இந்தப் பரிந்துரை மீது கையுயர்த்தி வாக்களிக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளின் கைகளையும் இந்த முறை எண்ண வேண்டும் என்பது என் கோரிக்கை.

செயலாளர்