ஏழைப் பள்ளிக்குப் போகும் டாலர்: கேட்க வேண்டிய கணக்கு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஒன்றியக் கல்வித் துறையை மூடும் நடவடிக்கைகளைத் தொடங்கும்படி 2025 மார்ச்சில் அதிபர் ஆணை பிறப்பித்ததிலிருந்து, தமிழ் ஏடுகளில் வரும் செய்திகள் ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: ஏழைப் பிள்ளைகளின் பள்ளிப் பணம் நின்றுவிடுமா? துறையை அடியோடு கலைக்கச் சட்டம் வேண்டும், ஆணை போதாது. பணம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் சூத்திரப்படி போகிறது. அதைவிடப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. இப்போது போகும் பணமே அந்தப் பிள்ளைகளிடம் சேர்கிறதா?

பேசப்படுவது 'டைட்டில் ஒன்' எனப்படும் நிதி. 1965 ஏப்ரல் 11 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன், டெக்சாஸில் தாம் சிறுவயதில் படித்த பள்ளியின் வெளியே அமர்ந்து கையெழுத்திட்ட சட்டத்தின் முதல் பகுதி. 2024 நிதியாண்டில் இதற்கு ஒதுக்கியது ஏறத்தாழ 1,840 கோடி டாலர். பெரிய தொகைதான். ஆனால் 2008 நிதி நெருக்கடிக்குப் பிந்தைய சிறப்பு உதவியும் பெருந்தொற்றுக் கால உதவியும் வந்த ஆண்டுகளை ஒதுக்கிவிட்டால், வாஷிங்டனிலிருந்து வரும் எல்லா நிதியையும் கூட்டினாலும் அமெரிக்கப் பள்ளிச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தொடுவதில்லை. மீதி மாநிலத்தின் பணம், உள்ளூர்ச் சொத்து வரி. வீட்டு விலை குறைந்த ஊரில் வரி வரவும் குறைவு. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் டைட்டில் ஒன் என்று பலர் நினைக்கிறார்கள். சூத்திரம் அப்படி எழுதப்படவில்லை.

உண்மையில் நான்கு சூத்திரங்கள். நான்கிற்கும் அடிப்படை, கல்வி மாவட்டத்தில் (அங்கே பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) உள்ள 5 முதல் 17 வயது வரையிலான ஏழைக் குழந்தைகளைப் பற்றி மக்கள்தொகைக் கணக்குத் துறை தரும் மதிப்பீடு. முதலாவதான அடிப்படை மானியத்துக்குப் பத்துக் குழந்தைகளும் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் வறுமையும் இருந்தால் போதும். ஆகவே வசதியான ஊர்களும் வரிசையில் நிற்கின்றன. இரண்டாவதற்கு 15 விழுக்காடு அல்லது 6,500 குழந்தைகளைத் தாண்ட வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் வறுமை அடர்ந்த இடத்துக்குக் கூடுதல் எடை தருகின்றன; அதாவது அங்குள்ள ஒரு குழந்தையை ஒன்றுக்கு மேலாக எண்ணுகின்றன. ஆனால் மூன்றாவதில் அந்த எடையை விழுக்காட்டைக் கொண்டும் கணக்கிடலாம், எண்ணிக்கையைக் கொண்டும் கணக்கிடலாம்; எது மாவட்டத்துக்கு அதிகம் தருமோ அது. விழுக்காட்டு எடை 1-இலிருந்து 4 வரை, எண்ணிக்கை எடை 1-இலிருந்து 3 வரை. விளைவு, வறுமை விழுக்காடு நடுத்தரமாக உள்ள ஒரு பெருநகர மாவட்டம் வெறும் எண்ணிக்கையின் பலத்தால் எடை பெறுகிறது. பாதிக் குழந்தைகள் ஏழைகளாக இருந்தாலும் சிறிய நாட்டுப்புற மாவட்டத்துக்கு அந்த இரண்டாவது வழி திறப்பதில்லை.

இதைவிடச் சங்கடமானது அடுத்த காரணி. குழந்தைக்கான தொகையை, மாநிலம் ஒரு மாணவருக்குச் சராசரியாகச் செலவிடுவதில் 40 விழுக்காடு என்று வைத்து, அது தேசிய சராசரியின் 32 விழுக்காட்டுக்குக் கீழேயும் 48 விழுக்காட்டுக்கு மேலேயும் போகாமல் முதல் மூன்று சூத்திரங்களும் கட்டுகின்றன. அதிகம் செலவிடும் நியூயார்க்கின் ஏழைக் குழந்தைக்கு அதிகம். குறைவாகச் செலவிடும் மிசிசிப்பியின் ஏழைக் குழந்தைக்குக் குறைவு. சம்பளமும் விலைவாசியும் வேறு என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அதில் பாதி உண்மை. மற்ற பாதி, வாக்குகளைச் சேர்க்க நாடாளுமன்றத்தில் நடக்கும் பேரம்.

பணம் மாவட்டத்துக்கு வந்தபின் பள்ளிகளை வறுமை வரிசையில் அடுக்க வேண்டும். 75 விழுக்காட்டுக்கு மேல் ஏழை மாணவர் உள்ள பள்ளிகளுக்கே முதலில். 40 விழுக்காட்டைத் தொட்ட பள்ளி பணத்தை முழுப் பள்ளிக்கும் சேர்த்துப் பயன்படுத்தலாம். அதற்குக் கீழே என்றால் அடையாளம் கண்ட மாணவருக்கு மட்டும். வறுமையை அளக்கும் கோல் பெரும்பாலும் மதிய உணவுச் சலுகைப் பதிவு. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் கூச்சத்தால் விண்ணப்பம் தருவதில்லை; அந்தப் பள்ளிகள் காகிதத்தில் பணக்காரப் பள்ளிகளாகத் தெரியும். எல்லோருக்கும் இலவச உணவு தரும் பள்ளிகளில் விண்ணப்பமே கிடையாது. அங்கே உணவு உதவித் திட்டம் போன்றவற்றில் ஏற்கெனவே பதிவான பிள்ளைகளை எண்ணி 1.6 ஆல் பெருக்குகிறார்கள். அந்த உதவிக்குத் தகுதியில்லாத குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இந்த எண்ணிக்கைக்குள் வருவதே இல்லை.

பெரிய ஓட்டை இனிமேல்தான். 1969-இல் குடிமை உரிமைச் செயற்பாட்டாளர்களான ரூபி மார்ட்டின், ஃபிலிஸ் மெக்ளூர் இருவரும், இந்தப் பணம் பல மாவட்டங்களில் பொதுச் செலவில் கரைந்துபோவதை அம்பலப்படுத்தினார்கள். அதன் பிறகு இரண்டு நிபந்தனைகள் வந்தன: மாநிலமும் உள்ளூரும் தர வேண்டியதற்கு மாற்றாக ஒன்றியப் பணத்தை வைக்கக் கூடாது, டைட்டில் ஒன் பள்ளிகளுக்கு உள்ளூர்ப் பணத்தில் கிடைக்கும் வசதி மற்றப் பள்ளிகளுக்கு ஈடாக இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையைச் சோதிக்கும்போது, பணிமூப்பால் வரும் ஊதிய வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று சட்டமே விலக்குத் தருகிறது. வழக்கமான சோதனை ஆசிரியர்-மாணவர் விகிதத்தைப் பார்ப்பதுதான். பத்து விழுக்காடு வரை விலகல் இருந்தாலும் தேர்ச்சி.

ஒரு மாதிரிக் கணக்கு. ஒரே மாவட்டத்தில் இரண்டு பள்ளிகள். ஒவ்வொன்றிலும் 500 மாணவர், 25 ஆசிரியர். மூத்த ஆசிரியர்கள் இடமாறுதல் கேட்டுச் சேர்ந்த வசதியான பள்ளியில் சராசரி ஊதியம் 75,000 டாலர். புதியவர்கள் வந்து வந்து போகும் ஏழைப் பள்ளியில் 55,000. உள்ளூர்ப் பணத்தில் வித்தியாசம் ஆண்டுக்கு 5 லட்சம் டாலர். ஏழைப் பள்ளியின் 300 ஏழைப் பிள்ளைகளுக்குத் தலைக்கு 600 டாலர் டைட்டில் ஒன் வந்தால் 1.8 லட்சம். கூடுதல் உதவி வந்த பிறகும் அந்தப் பள்ளி 3.2 லட்சம் பின்தங்கியே நிற்கிறது. ஆனால் இரண்டிலும் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர். சட்டத்தின் கண்ணில் இரண்டும் சமம். கடைமடைக்கு என்று திறந்த தண்ணீர் தலைமடையின் பங்கை ஈடுகட்டவே போதவில்லை.

இந்தக் கசிவு அப்படியே இருக்க, பொறுப்புக்கூறல் என்று வந்தபோது பள்ளியின் மதிப்பெண்ணைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஜார்ஜ் புஷ் 2002 ஜனவரி 8 அன்று கையெழுத்திட்ட சட்டம், 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்புக்கும் ஆண்டுத் தேர்வு, 2014-க்குள் நூற்றுக்கு நூறு மாணவரும் தேர்ச்சி என்று விதித்தது. இனம், வறுமை, மாற்றுத்திறன், ஆங்கிலம் கற்போர் எனப் பிரித்துக் கணக்கு காட்ட வேண்டும். இது நல்ல பகுதி. அதுவரை சராசரிக்குப் பின்னால் மறைந்திருந்த பிள்ளைகள் வெளியே தெரிந்தார்கள். ஆனால் ஒரு பிரிவு ஒரு பாடத்தில் தவறினாலும் பள்ளி முழுதும் தோல்வி. இரண்டாண்டு தவறினால் வேறு பள்ளிக்கு மாறும் உரிமை, மூன்றாண்டு என்றால் தனிப்பயிற்சிச் செலவு, பிறகு ஆட்கள் மாற்றம். முதலிரண்டுக்கும் டைட்டில் ஒன் தொகையில் 20 விழுக்காட்டுக்கு ஈடான பணத்தை மாவட்டம் எடுத்துவைக்க வேண்டும். தேர்ச்சிக் கோட்டை வரையும் அதிகாரமோ மாநிலத்திடம். கோட்டைத் தாழ்த்திக்கொள்வது எளிது, பல மாநிலங்கள் அதைச் செய்தன. அட்லாண்டாவில் இன்னும் மோசம். விடைத்தாளை அழித்துத் திருத்தியதில் 44 பள்ளிகள், 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் சம்பந்தப்பட்டிருந்ததாக 2011-இல் மாநில விசாரணை சொன்னது.

ஒபாமா காலத்தில் 'பள்ளி மேம்பாட்டு மானியம்' என்ற பெயரில் 700 கோடி டாலர் அளவுக்குக் கொட்டி, தலைமையாசிரியரை மாற்று, பாதி ஆசிரியரை மாற்று, இல்லையேல் பள்ளியை மூடு என்பதுபோல நான்கு மாதிரிகள் வைத்தார்கள். அரசு ஏற்பாட்டில் நடந்த மதிப்பீடு 2017-இல் வெளிவந்தது: மதிப்பெண்ணிலும் பள்ளிப் படிப்பை முடிப்பதிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எனக்கு இதில் வியப்பில்லை. மூன்றாண்டுக்கு மட்டும் வரும் பணத்தை நம்பி எந்த நல்ல ஆசிரியர் இடம் மாறுவார்?

2015 டிசம்பரில் வந்த இப்போதைய சட்டம் பிடியைத் தளர்த்தியது. மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது, டைட்டில் ஒன் பள்ளிகளில் கடைசி 5 விழுக்காட்டையும், மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் படிப்பை முடிக்காத உயர்நிலைப் பள்ளிகளையும் மாநிலம் அடையாளம் காண வேண்டும்; அவற்றுக்காகத் தன் தொகையில் குறைந்தது 7 விழுக்காட்டை ஒதுக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவாகிறது என்பதை, சராசரி ஊதியத்தை வைத்து அல்ல, உண்மையில் கொடுத்த ஊதியத்தை வைத்து வெளியிட வேண்டும். மேலே சொன்ன மாதிரிக் கணக்கை எந்தப் பெற்றோரும் தம் ஊர்ப் பள்ளிகளுக்குப் போட்டுப் பார்க்க இந்த ஒரு வரிதான் வழி. வெளியிட்டால் போதும், சரிசெய் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பணிமூப்பு விலக்கும் அப்படியே இருக்கிறது. அந்த விலக்கை நீக்குவதும், மூத்த ஆசிரியர்களை வற்புறுத்தி மாற்றாமல் ஏழைப் பள்ளிக்குத் தனிப்படி கொடுத்து இழுப்பதும் செய்யக்கூடியவை. 2025-இல் துறையின் ஆட்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டதில் கல்விப் புள்ளிவிவர மையமும் அடிபட்டிருப்பதால், பணத்தைவிட முதலில் ஆபத்துக்குள்ளாவது இந்தத் தரவுகளைத் திரட்டிச் சரிபார்க்கும் வேலை.

நம் ஏடுகள் இதை, பள்ளிக் கல்விக்கான ஒன்றிய அரசுத் திட்டமான சமக்ர சிக்ஷாவின் நிதி நிறுத்தத்தோடு ஒப்பிடுவதும் கண்ணில் படுகிறது. ஒப்பிடலாம், ஒரு வேறுபாட்டை விட்டுவிடாமல். அங்கே மாவட்டத்தின் பங்கு சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்ட சூத்திரம். இங்கே அது ஒன்றிய அரசின் திட்டம்; ஆண்டுதோறும் ஒப்புதல் வாரியம் தீர்மானிக்கிறது. அதனால்தான் 2024-25-இல் பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத தமிழ்நாட்டுக்கு 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைக்க முடிந்தது. இன்னொன்று: நம் பள்ளிகளுக்கு வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கைப் படிநிலையில் 10,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை போகிறது. அந்தப் படிநிலையில் வறுமைக்கு எடை கிடையாது. நிதி நிறுத்தம் பற்றி எழுதும் செய்தியாளர்கள், ஆசிரியர் ஊதியத்தையும் சேர்த்துப் பள்ளிவாரியாக ஒரு மாணவருக்கு ஆகும் செலவையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்