தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு: காரைக்கால் வகுப்புகளின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும் வணக்கம்.

நம் ஊருக்குப் பிரெஞ்சு புதிதல்ல. 1739இல் வந்த பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் முடிந்தது. அந்தக் காலத்தில் இங்கே படித்தவர்கள் தமிழிலிருந்து நேரே பிரெஞ்சுக்குப் போனவர்கள். இன்று நம்மிடம் வரும் எட்டு வயதுப் பிள்ளை எல்கேஜியிலேயே ஆங்கில எழுத்தைக் கற்றுவிட்டு வருகிறது. மேசைக்கான பிரெஞ்சுச் சொல்லைப் பலகையில் எழுதினால் உடனே "டேபிள்" என்கிறது, ஏனென்றால் இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றுதான். வகுப்பில் திருத்த வேண்டியிருந்த பிழைகளில் பெரும்பகுதி ஆங்கிலப் பழக்கத்தால் வந்தவை. ஆகவே இந்த ஆண்டு, பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கும் பேச்சுத் தமிழிலிருந்து பிரெஞ்சைத் தொடங்கினோம்.

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை, 40 நிமிடம் வீதம் வகுப்பு நடந்தது. குழுவுக்கு 12 பேருக்கு மேல் சேர்க்கவில்லை. அதற்கு மேல் போனால் ஒரு பிள்ளை வாய்திறந்து பேச ஒரு வகுப்பில் இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. முதல் 5 நிமிடம் வணக்கமும் நலம் விசாரிப்பும், அடுத்த 10 நிமிடம் ஒலிப் பயிற்சி, 15 நிமிடம் புதுப் பாடம், மீதி விளையாட்டு. புதுச் சொல் எட்டைத் தாண்டக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வகுப்பு விட்டுப்போவது ஆண்டுதோறும் உள்ளதுதான். ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், திரும்பி வரும் முதல் நாளில் புதுப் பாடம் கிடையாது, பழையதை மட்டும் பேசவைக்க வேண்டும் என்று முடிவெடுத்துக் கடைப்பிடித்தோம்.

முதல் ஆறு வாரம் எழுத்தே காட்டுவதில்லை. காதும் வாயும் மட்டும். சில பெற்றோருக்கு நோட்டு வெறுமையாக இருப்பது கவலையாக இருந்தது, அது நியாயமான கவலைதான். ஆனால் ஒலி பதிவதற்கு முன் எழுத்தைக் காட்டினால் பிள்ளை அதை ஆங்கிலமாகப் படித்துவிடும். பிறகு அதை அழிக்க ஆறு மாதம் ஆகும். பிரெஞ்சுச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பதையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். நம் ப ஒன்றே இரண்டு ஒலியைச் சுமக்கிறது. ழான், ழாக் என்று பிரெஞ்சுப் பெயர்களைப் புத்தகங்களில் அச்சிடும் ழ, பழத்தில் வரும் ழ அல்ல. நாக்கை மடிக்காமல், ஷ சொல்லும் இடத்தில் தொண்டை அதிரச் சொல்லும் ஒலி அது. பிள்ளைக்கு இந்த ஏற்பாடு தெரியாது, பழத்து ழவையே சொல்லும். இந்த அறிக்கையில் வேறு வழியின்றி அதே ழவை எழுதுகிறோம்; பிள்ளைகளின் நோட்டில் வேண்டாம்.

ஒலிகளில் தமிழ்ப் பிள்ளைக்குக் கையிருப்பு நிறைய உண்டு. பிரெஞ்சின் த, பல்லைத் தொட்டுச் சொல்லும் நம் த. ஆங்கில வழியாக வரும் பிள்ளை அதை ட என்கிறது. "தந்தை என்று சொல், அதே நாக்கு" என்றால் ஒரே நாளில் சரியாகிறது. மூக்கொலி உயிர்கள் வேற்று நாட்டாருக்குப் பெரும் பாடு. நம் பிள்ளைகளோ நாள் முழுக்க அவற்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பேச்சில் "பணம்" என்று முடிக்கும்போது உதடு மூடுவதில்லை; அந்த முடிவு நல்லது என்று பொருள்படும் "போன்" என்பதன் உயிருக்கு நெருக்கம். "அவன்" என்பதன் பேச்சு முடிவு ரொட்டியைக் குறிக்கும் "பேன்" பக்கம் வருகிறது. "நான்" என்பதன் முடிவு குழந்தையைக் குறிக்கும் "ஆன்ஃபான்" ஈற்றொலியின் பக்கம். எழுத்துத் தமிழில் வாசிக்கச் சொன்னால் இது நடக்காது, ம், ன் என்று அழுத்திவிடுவார்கள். பேச்சுத் தமிழில்தான் கேட்க வேண்டும்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. தமிழில் மூக்கொலிக்குப் பின் வரும் வல்லினம் தானாகவே மென்மையாக அதிரும்: பந்து, கம்பு, சங்கு. பிரெஞ்சில் அப்படி இல்லை. மகிழ்ச்சி என்ற பொருளில் வரும் "கோன்தான்" என்பதைப் பிள்ளை "கோந்தான்" என்று, பந்தில் வரும் த போலச் சொல்கிறது. விளக்கைக் குறிக்கும் "லான்ப்" நம் வாயில் "லாம்பு" ஆகிவிடுகிறது. இங்கே இரண்டு தவறு: ப அதிர்ந்துவிட்டது, கடைசியில் ஒரு உகரமும் ஒட்டிக்கொண்டது. திருத்தும் முறை: சொல்லை இரண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைதட்டு, கோன், நிறுத்தம், தான். தொண்டையில் விரல் வைத்து, த வரும்போது அதிர்வு நிற்கிறதா என்று பிள்ளையே பார்க்க வேண்டும். பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஒட்டும் உகரத்துக்கு, சொல் முடிந்த இடத்தில் வாயை அப்படியே உறையவைக்கும் விளையாட்டு போதும்.

அதிக நேரம் பிடித்தது பிரெஞ்சின் உதடு குவிந்த இகரம். நம் குற்றியலுகரத்தில் உதடு குவிவதில்லை, நாக்கு பின்னால் இருக்கிறது. இதிலோ உதடு குவிகிறது, நாக்கு முன்னால். நேர் எதிர். ஈ என்று நீட்டச் சொல்லி, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் சீட்டி அடிப்பதுபோல் குவிக்கச் சொல்கிறோம். குவிக்கும்போது நாக்கு பின்னால் நழுவி ஊ ஆகிவிடும், எல்லாருக்கும் விழும் பிழை இது. நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லின் பின்புறம் ஒட்டிவைக்கச் சொன்னால் நழுவாது. ஆளுக்கொரு சிறு கண்ணாடி வேண்டும். இந்த ஒலியில் விட்டுக்கொடுக்க முடியாது: மேலே என்பதற்கும் கீழே என்பதற்கும் பிரெஞ்சில் இந்த ஓர் உயிர்தான் வேறுபாடு. எழுத்தில் தெஸ்யூ, தெஸூ என்றுதான் காட்ட முடிகிறது. ஒரு புளியங்கொட்டையைப் பெட்டிக்கு மேலும் கீழும் வைத்து இதை விளையாடலாம்.

பிரெஞ்சின் தொண்டை ர-வுக்காகப் பிள்ளைகளை வருத்த வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. நாக்கு நுனியால் சொன்னாலும் பொருள் மாறுவதில்லை. க பிறக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னே, தண்ணீர் கொப்பளிப்பதுபோல் என்று ஒருமுறை காட்டிவிட்டு விட்டுவிடலாம்.

இலக்கணத்தில் தமிழ் கைகொடுக்கும் இடங்கள் தெளிவானவை. த்யூ, வூ என்ற வேறுபாட்டுக்கு நீ, நீங்க என்று சொன்னாலே முடிந்தது. வயது சொல்லும்போது ஆங்கிலத்தை நினைக்கும் பிள்ளை "ழெ ஸ்வி", அதாவது "நான் இருக்கிறேன்" என்று தொடங்கிப் பிழை செய்கிறது. "எனக்கு ஏழு வயசு" என்பதிலிருந்து தொடங்கினால் "ழே செத் ஆன்" எளிதாக வருகிறது. பசி, தாகம், வெக்கை எல்லாவற்றுக்கும் அதே எனக்கு, அதே ழே.

தமிழ் கைகொடுக்காத இடம் பால். நமக்கு மேசையும் புத்தகமும் அஃறிணை. பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். காரணம் சொல்லப் போகக் கூடாது, காரணம் இல்லை. 10க்கு 15 செ.மீ. அட்டையில் ஆண்பாலுக்கு நீல ஓரம், பெண்பாலுக்குச் சிவப்பு ஓரம். சொல்லைத் தனியாக ஒருபோதும் சொல்வதில்லை, ஆண்பாலுக்கு லெ, பெண்பாலுக்கு லா என்ற முன்சொல்லோடுதான். பள்ளி, மரம் போன்று பிரெஞ்சில் உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களுக்கு லெ, லா இரண்டும் வெறும் ல் ஆகிவிடுவதால் பால் மறைந்துபோகும். அவற்றை மட்டும் "யூன் எகோல்", "அன் ஆர்ப்ர்" என்று, "ஒரு" எனப் பொருள்படும் சொல்லோடு கற்பிக்க வேண்டும். அட்டைக்கு லேமினேஷன் கட்டாயம். போடாதவை மழைக்காலக் காற்றில் சுருண்டன. மைதாப் பசை ஒட்டியவற்றைக் கரப்பான் தின்றது.

விற்பனைக்குக் கிடைக்கும் பட அட்டைகளில் பனியும் கம்பளிக் குல்லாவும் நிறைய. பிரான்சின் நான்கு பருவங்களைப் பிள்ளைகள் அறிய வேண்டும், ஆனால் முதல் மாதத்தில் அல்ல. நம் அட்டைகளில் பசு, காகம், நண்டு, படகு, கடல், வாழைப்பழம் வைத்தோம். இதில் நல்ல விவாதமும் வந்தது. நெல், அரிசி, சோறு மூன்றையும் பிரெஞ்சு அன்றாடப் பேச்சில் "ரீ" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும். நாம் ஆறு என்று ஒரே சொல்லில் சொல்வதை அது பிரிக்கும்: கடலில் கலப்பது ஃப்லேவ், வேறோர் ஆற்றில் கலப்பது ரிவ்யேர். காவிரி முன்னது, பவானியும் அமராவதியும் பின்னது. அரசலாறு காவிரியிலிருந்து பிரிந்த கிளை, ஆகவே "ப்ரா", அதாவது கை. டெல்டாப் பிள்ளைக்கு இதைப் படம் வரைந்து காட்ட வேண்டியதே இல்லை.

பிரெஞ்சில் சொற்கள் சேரும்போது நடுவே ஒலி தோன்றுவது நம் புணர்ச்சி போன்றதுதான். ஆனால் விதியாகச் சொன்னால் பிள்ளை மிரளும். வயதை ஒன்று முதல் பத்துவரை வரிசையாகச் சொல்லவைத்தோம். இரண்டில் ஸ் மென்மையாக அதிரும், ஒன்பதில் ஃப் வ ஆகும். சொல்லிச் சொல்லியே படிந்துவிடும். கரடிக்கான "ஊர்ஸ்" என்ற சொல்லை, முன்னால் வரும் "அன்" ஒட்டுவதால், பிள்ளை "நூர்ஸ்" என்று நினைத்துக்கொண்டால் பதற வேண்டாம். பிரெஞ்சுக் குழந்தைகளே அப்படிச் சொல்வதுண்டு. ஒரு கரடி, இரண்டு கரடி, குட்டிக் கரடி என்று மாற்றி மாற்றிக் கேட்டால் சொல்லின் தலை எது என்று தெரிந்துவிடும்.

எண்ணுக்குத் தம்போலா, அதாவது சொல்லும் எண்ணை அட்டையில் அடிக்கும் விளையாட்டு. முதல் பருவத்தில் 20 வரை, இரண்டாவதில் 69 வரை, மூன்றாவதில்தான் 70க்கு மேல். 70 என்பது அறுபது-பத்து, 80 என்பது நான்கு-இருபது, 90 என்பது நான்கு-இருபது-பத்து. நாமும் தொண்ணூற்றை நூற்றை வைத்துத்தானே சொல்கிறோம் என்றால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். அவசரக்காரப் பிள்ளை அறுபது என்று கேட்டதும் 60ஐ அடித்துவிடும், பத்து வருவதற்குள். எண்ணை இரண்டு முறை சொல்லி முடிக்கும்வரை பென்சில் தரையில் இருக்க வேண்டும் என்பது விதி.

எழுத்தின் பெயர்களில் ஆங்கிலம் மறுபடி குறுக்கே வருகிறது. ஆங்கிலத்தில் ஜி, ஜே என்பவை பிரெஞ்சில் ழே, ழி என்று இடம் மாறி ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் ஐ என்பது பிரெஞ்சில் இ. கிரிஜா என்ற பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னால் இத்தனையும் ஒரே இடத்தில் வந்துவிடும், நல்ல பயிற்சி. எழுத்தின் மேல் வரும் கோடுகளைப் பிள்ளைகள் அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். தமிழில் புள்ளியை விட்டுவிட்டால் க் என்பது க ஆகிவிடும் என்று நினைவூட்டினால் போதும்.

பிரெஞ்சுப் பள்ளிகளில் வழங்கும் செயேஸ் கோட்டு நோட்டு 8 மி.மீ. கட்டமும் 2 மி.மீ. இடைக்கோடும் கொண்டது. இங்கே கடையில் கிடைப்பதில்லை. நகலெடுக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற அமைப்பை எடுத்துவிட்டு 100 விழுக்காட்டில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டம் சுருங்கும். மூன்றாம் வகுப்புக்கு 3 மி.மீ. இடைக்கோடு நல்லது.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பிரெஞ்சுத் தேர்ச்சிக்கான டெல்ஃப் ப்ரிம் தேர்வு பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தம் 100க்கு 50 வேண்டும், எதிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. பயிற்சித் தாள்களில் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் வினாவின் கட்டளை புரியாமல்தான். வட்டமிடு, குறியிடு, கோட்டால் இணை, எழுது, வரை என்ற ஐந்து வினைகளை ஆண்டு முழுவதும் வகுப்பில் பிரெஞ்சிலேயே புழங்க வேண்டும். ஓராண்டு முடியாத பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் ஆண்டுக்கு ஒவ்வொரு குழுவுக்கும் 12 கைக்கண்ணாடி, 60 புது அட்டை, ஒரு தம்போலாப் பெட்டி வேண்டும். வீட்டில் பிரெஞ்சு பேசும் தாத்தா, ஆயா யாரேனும் மாதம் ஒரு மாலை வந்து பிள்ளைகளோடு பத்து நிமிடம் பேச முன்வந்தால் பெயர் கொடுக்கலாம். பாடம் நடத்த வேண்டியதில்லை. பெயர், வயது, சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்