ஆண்டைப் பார்க்கமுன் அடியைப் பார்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. விதைப்பு முடிந்ததென்று எழுதியிருந்தாய், சந்தோசம். இங்கே வாடை எழும்பிவிட்டது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் வள்ளங்களைக் கரையில் ஏற்றிவிட்டார்கள். ஓட்டமில்லாமல் நிற்கிற மீன் கெப்புகளை விற்கப்போடுகிற காலமும் இதுதான். நீ குறித்தனுப்பிய மூன்று டபுள் கெப்பில் குச்சவெளி வண்டியும் அந்த வகை போலத் தெரிகிறது. எந்த ஆண்டு நல்லது என்று நீ கேட்டாய். அதற்கு முதல், அந்த வண்டி இத்தனை காலமும் எதைச் சுமந்தது என்று கேள்.

மீன் ஏற்றின கெப்பில் நடப்பது இதுதான். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் உருகி, உப்பும் மீன் இரத்தமும் கலந்த தண்ணீர் பின்பெட்டி மூலையால் ஒழுகி, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸில் நேரே விழும். சேசிஸ் சட்டம் உள்ளே வெறுமையானது. உள்ளே போன தண்ணீர் வடிய அடியில் துளைகள் உண்டு. மண்ணும் செதிலும் அவற்றை அடைத்துவிட்டால் உப்புத் தண்ணீர் அங்கேயே தேங்கும், கறள் உள்ளிருந்து வெளியே தின்னும். வெளியில் பெயின்ற் பளபளவென்றிருக்கும்.

சின்னச் சுத்தியல் ஒன்றோடு போய்ப் படுத்துப் பார். பின் அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடம், பின் வில்லின் நுனியைத் தொங்கவிடும் ஷெக்கிள் பிடிக்கிற பிரக்கற், பின்பெட்டி போல்ற் இறங்கும் இடங்கள், ஸ்பெயார் சில்லுத் தொங்கும் குறுக்குச் சட்டம், இந்த நாலையும் தட்டு. நல்ல இரும்பு டங்கென்று பேசும். உக்கினது தொப்பென்று அமுங்கும், சிலவேளை சுத்தியல் முனை உள்ளேயே போகும். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புத் தார் அடித்திருந்தால் சந்தேகப்படு. ஓரிடத்தில் சுரண்டிப் பார்க்க விடாவிட்டால் திரும்பி வா. சட்டத்தோடு ஓடும் பிரேக் குழாயையும், பின் அச்சோடு கம்பியால் பிணைத்த பாரம் பார்க்கும் பிரேக் வால்வையும் கவனி. அந்த வால்வு கறளில் இறுகினால் வெறுமையாக ஓடும்போது பின்சில்லு பூட்டும், அல்லது ஒரு தொன் ஏற்றினபின் பின்பிரேக் பிடிக்காது. சேசிஸ் உக்கியிருந்தால் மிச்சம் பேச ஒன்றுமில்லை. தகடு வைத்து ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த வெடிப்பு வரும்.

அடி நன்றாக இருந்தால் எஞ்சினுக்கு வா. குச்சவெளிக்காரரின் 2007 டொயோட்டா ஹைலக்ஸ் விகோவில் 2.5 லீற்றர் 2கேடி அல்லது 3 லீற்றர் 1கேடி இருக்கும், இரண்டும் கணினி டீசலை அளந்து விடுகிற கொமன் ரெயில் வகை. பலமான எஞ்சின்கள்தான், ஆனால் அவற்றைச் சாகடிக்கிற சாமான் மிகச் சின்னது: டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டரின் அடியில் இருக்கிற வோஷர். அது கசிந்தால் எரிந்த வாயு மேலேறி ஒயிலோடு கலக்கும். ஒயில் தார்போல் கட்டிபட்டு, எஞ்சின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்குள் இருக்கும் ஒயில் உறிஞ்சியின் வலையை அடைக்கும். ஒயில் மேலே ஏறாமல் பெயாரிங்குகள் பிடிக்கும், டர்போவும் போகும். ஒயில் மூடியைக் கழற்றி ரோர்ச் அடித்துப் பார். உள்ளே கரிப்பொருக்கு ஒட்டியிருந்தால், சம்பைக் கழற்றி வலையைப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதே. எடுத்தபின் நாலு வோஷரையும் ஒரேயடியாக மாற்று, ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை இறக்கு. ஏறத்தாழ 7 லீற்றர் பிடிக்கும்.

ஸ்கேனர் உள்ள கராஜில் எஞ்சின் சூடானபின் ஐட்லிங்கில் நாலு இன்ஜெக்டரின் திருத்த அளவையும், அதாவது எஞ்சின் சீராக ஓட கணினி ஒவ்வொன்றிலும் கூட்டிக் குறைக்கிற டீசல் அளவை, எடுக்கச் சொல். கூட்டலோ கழித்தலோ 3க்குள் நின்றால் நல்லது. ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்த இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்கவில்லை. அப்படியே ஓடினால், அதிலும் 1கேடியில், பிஸ்டன் வெடிக்கும். ஐட்லிங் ஏறி இறங்கி, சும்மா நிற்கும்போது அணைந்தால் டீசல் பம்பில் இருக்கும் உறிஞ்சு கட்டுப்பாட்டு வால்வைப் பார். எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்லும் விளக்கு எரியவில்லை என்பதை நம்பாதே. மீற்றர் பொத்தானாலேயே அதை அழிக்கலாம். பெல்ட் மாற்றின பில்லைக் கேள்.

மூதூர்க்காரரின் 2009 மிற்சுபிசி எல்200க்கு இரண்டு பெல்ட். அதிலுள்ள எஞ்சின் 4டி56. பெரிய டைமிங் பெல்ட்டுக்குப் பக்கத்தில் அதிர்வைக் குறைக்கிற பலன்ஸ் சாஃப்ற்றுக்கு ஒரு சின்னப் பெல்ட் ஓடும். பலர் பெரியதை மாற்றி, சின்னதை விட்டுவிடுவார்கள். சின்னது அறுந்தால் அதன் துண்டு பெரியதுக்குள் சிக்கி, அதைப் பல்லுத் தாண்ட வைக்கும், வால்வைத் தள்ளுகிற ரொக்கர்கள் முறியும். இரண்டையும், அவற்றை இறுக்கிப் பிடிக்கிற ரென்ஷனர்களோடு சேர்த்து மாற்றின ஆதாரம் இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசு. ஒருமுறை கொதித்த 4டி56இல் ஹெட் வெடித்திருக்கலாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடத்தில் ரேடியேட்டர் மேல் ஹோஸைப் பிசை. தண்ணீர் சூடாகமுன்னமே ஹோஸ் கல்லாக இறுகினால் ஹெட்டைச் சந்தேகப்படு.

கந்தளாய் வண்டி, 2001 ஹைலக்ஸ், எல்.என்.166 என்று எழுதியிருந்தாய். அதில் 3 லீற்றர் 5எல் எஞ்சின் இருந்தால் என் மனம் அதன் பக்கம்தான். டர்போ இல்லை, கணினி இல்லை, சுழல் டீசல் பம்ப். ஏற்றத்தில் நெல் மூட்டையோடு மெதுவாகத்தான் போகும், அதைப் பொறுத்துக்கொள். பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு மாற்றினால் போதும். கடற்கரையை விட்டுத் தள்ளி ஓடினதால் சேசிஸும் தப்பியிருக்கும், இருந்தாலும் தட்டிப் பார். அந்தப் பம்பை டீசலே வழவழப்பாக்குகிறது. மண்ணெண்ணெய் கலந்து ஓடியிருந்தால் பம்ப் தேய்ந்து, சூடானபின் ஸ்டார்ட் பிடிக்கக் கஷ்டப்படும். ஆகவே அரை மணித்தியாலம் ஓட்டி, அணைத்து, பத்து நிமிடம் விட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணு. உதிரிப்பாகம் இங்கே கிடைக்காவிட்டால் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் எடுக்கலாம்.

இந்த மூன்றும் சரிவராவிட்டால் 90களின் நிசான் டி21 ஒன்றைத் தேடலாம். டிடி27 எஞ்சினில் பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை, எல்லாம் பல்சக்கரம். அதே நிசானின் நவாரா டி40இல் முந்திய ஆண்டு வைடி25 என்றால் செயின் நீள்கிற வருத்தம் உண்டு, முன்பக்கம் சீழ்க்கை போலச் சத்தம் வரும். இசுசு டி-மெக்ஸில் 3 லீற்றர் 4ஜேஜே1 நம்பக்கூடியது. 2015க்குப் பிந்திய ஹைலக்ஸில் ஜிடி எஞ்சின். பெல்ட் கவலை இல்லை, செயின்தான். ஆனால் புகைக்கரி பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப். இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் கந்தகம் குறைந்த சுப்பர் டீசலும் நீண்ட ஓட்டமும் வேண்டும். வயலுக்கும் வீட்டுக்கும் ஓடினால் அடைக்கும். அவுஸ்திரேலியாவில் 2015 முதல் 2020 வரை விற்ற ஹைலக்ஸ்களின் டி.பி.எஃப். குறை நீதிமன்றம்வரை போனது.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கத்தில்தான் திறந்தது. இடைப்பட்ட ஆண்டு வண்டிகள் அரிது, பழசுக்கெல்லாம் விலை ஏறிக்கிடக்கிறது. அதனால்தான் ஆண்டைக் கூட்டிச் சொல்லி விற்கிறார்கள். பதிவு செய்த ஆண்டு வேறு, வண்டியைத் தயாரித்த ஆண்டு வேறு, பதிவுப் புத்தகத்தில் இரண்டையும் பார். சீற் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் தைத்த சின்னச் சீட்டில் அந்தப் பெல்ட் செய்த ஆண்டு இருக்கும், பெல்ட்டை மாற்றியிராவிட்டால் அது பொய் சொல்லாது. ஹைலக்ஸின் சேசிஸ் இலக்கம் வலது முன்சில்லுக்குப் பக்கத்துச் சட்டத்தில் குத்தியிருக்கும். அந்த இடத்தில் ஒட்டின தடமோ கிரைண்டர் கோடோ இருந்தால் வேண்டாம். ஒப்பன் பேப்பரில், அதாவது பதிவில் பெயர் மாற்றாமல், பல கை மாறின வண்டியையும், லீசிங் முடியாத வண்டியையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விபரம் எடுக்காமல் தொடாதே.

கந்தளாய் வண்டியைப் பார்க்க எந்த நாள் வருகிறாய் என்று முன்கூட்டியே எழுது. அன்று காலை எஞ்சினைத் தொடவேண்டாமென்று சொந்தக்காரரிடம் சொல்லிவைக்க வேண்டும். சூடாக்கி வைத்த எஞ்சினில் வெள்ளைப் புகையும் தெரியாது, குளிரில் ஸ்டார்ட் பிடிக்கிற கஷ்டமும் தெரியாது. நீ போனதும் முதலில் எஞ்சின் மேல் கை வைத்துப் பார்.

அன்புடன்,
உன் மச்சான்